வாய்க்கால் நீரில் மீனுக்கும் பங்குண்டு

(நூற்றாண்டு நிறைவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் சங்கப் பொதுக்கூட்டத்தில், பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து தயாரித்து வழங்கிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பாடசாலையின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். அதைப் பேச எங்களை விடத் தகுதியான அக்காமார் பலர் இங்கே இருக்கிறார்கள். எங்களில் ஒருவர் விலங்கியல் படித்துப் படிப்பித்தவர். மற்றவர் கமக்காரக் குடும்பத்தில் பிறந்து இன்றும் வயல் செய்பவர். ஆகவே எங்களுக்குத் தெரிந்த குளத்தையும் வாய்க்காலையும் அவற்றில் வாழும் மீனையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. நூற்றாண்டு நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு கிராமத்தின் வயல் வாய்க்காலுக்குக் கொங்கிறீற் போட்டுத் தரும்படி ஒரு கோரிக்கை சங்கத்தின் முன் இருக்கிறது. நல்ல நோக்கமுள்ள கோரிக்கை. ஆனால் கையொப்பமிடுவதற்கு முன்னர் நாம் எல்லோரும் சில விடயங்களை அறிந்திருக்க வேண்டும்.

வன்னியின் உயிர் குளத்தில் இருக்கிறது என்பதை வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கனகராயன் ஆற்றை எடுத்துக் கொள்ளுங்கள். வவுனியாப் பக்கத்தில் ஊற்றெடுத்து, முல்லைத்தீவு மாவட்டத்தைத் தொட்டு, கிளிநொச்சியில் இரணைமடுவில் தேங்கி, மிஞ்சியது சுண்டிக்குளம் கடனீரேரியில் போய்ச் சேருகிறது. நாம் மூன்று மாவட்டங்களிலிருந்தும் வந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அந்த ஆறும் மூன்று மாவட்டங்களையும் ஒன்றாகக் கட்டுகிறது. மேலே ஒருவர் கழுவி ஊற்றுவது கீழே ஒருவரின் சட்டிக்கு வந்து சேரும்.

இரணைமடு என்றால் இரட்டை மடு. இரண்டு பள்ளங்கள் சேர்ந்து ஒரு குளமானதால் வந்த பெயர். பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1885இல் இதற்குத் திட்டம் வரைந்தார். கட்டுமானம் 1902இல் தொடங்கி 1921இல் முடிந்தது. பின்னர் கட்டு கட்டமாக உயர்த்தப்பட்டு, 1970களில் அதன் கொள்ளளவு 106,500 ஏக்கர் அடியாயிற்று. போருக்குப் பின்னர், விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் கடனுதவியோடு 2012இல் தொடங்கிய திட்டத்தில் அணைக்கட்டும் வாய்க்கால்களும் புனரமைக்கப்பட்டன. இந்தக் கணக்குகளில் எல்லாம் நெல் இருக்கிறது, ஏக்கர் இருக்கிறது, போகம் இருக்கிறது. மீனுக்கு ஒரு வரி இருப்பது அரிது.

ஆனால் மீன் எப்போதும் அங்கே இருந்தது. விரால், குறவை, உளுவை, கெளுத்தி, கெண்டை, பனையேறி, விலாங்கு என்று நம் வீட்டுச் சட்டிகளுக்குத் தெரிந்த பெயர்கள். 1952இல் திலாப்பியா இலங்கைக்குக் கொண்டு வரப்பட்டது. இன்று நாட்டின் குளத்து மீன்பிடியில் பெரும் பங்கு அதற்குத்தான். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, கட்லா, றோகு, மிரிகால் போன்ற கெண்டை இனங்களின் குஞ்சுகளையும் குளங்களில் விடுகிறது. கடல் மீன் விலை ஏறும் நாள்களில் குளத்து மீன்தான் ஏழை வீட்டின் கறி. விடியற்காலையில் குளக்கட்டில் மீனை வாங்கி, சைக்கிளில் கட்டி ஊருக்குள் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகளில் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

குளத்து மீன் குளத்தில் மட்டும் வாழ்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐப்பசி மழையின் புதுவெள்ளத்தில் மீன் ஏறும். வாய்க்கால், வயல், கழிவாறு, பள்ளம் எல்லாம் அதற்கு ஒரே வீட்டின் அறைகள்தான். கெண்டை வெள்ளம் மூடிய புல்லில் முட்டையைச் சிதறும். விரால் நீர்ப்பூண்டுகளுக்கிடையே இடம் ஒதுக்கி முட்டையிட்டு, தாயும் தகப்பனுமாகக் காவல் நிற்கும். சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆண் திலாப்பியா ஆழங்குறைந்த மணலில் வட்டமாகக் குழி பறிக்கும். கெளுத்தி கரைப் பொந்துகளில் பதுங்கும். மண் வாய்க்கால் என்பது நீர் போகும் வழி மாத்திரமல்ல. அதன் சேற்றில் புழு இருக்கிறது, கரையில் வேர் இருக்கிறது, வளைவில் மெதுவான நீர் இருக்கிறது. துருசைப் பூட்டிய பிறகும் அங்குமிங்கும் சில மடுக்கள் மிஞ்சும். அடுத்த தண்ணீர் வரும் வரை மீன் அவற்றில் உயிர் பிடித்துக்கொண்டிருக்கும்.

இனி மற்றப் பக்கத்தையும் நீதியாகச் சொல்ல வேண்டும். வாய்க்காலுக்குக் கொங்கிறீற் கேட்பவர்கள் வீணுக்குக் கேட்கவில்லை. மண் வாய்க்காலில் நீர் கசிகிறது. கரை அரிகிறது. நண்டும் எலியும் துளைக்கின்றன. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் புல் செருக்கி மண் அள்ள ஆள் வேண்டும். இன்று ஆள் கிடைப்பதில்லை. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவருக்குச் சிறுபோகத்தில் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் முன் வயல்காரரின் பயிர் கதிர் தள்ளிவிடும். எங்களில் ஒருவரின் வயலும் அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே கொங்கிறீற்றே வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை.

ஆனால் கொங்கிறீற் போட்டதும் மீனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

முதலாவது, வேகம். மண் வாய்க்காலில் நீரை வேகமாக விட்டால் கரை அரிக்கும். வழுவழுப்பான கொங்கிறீற்றில் அந்தப் பயம் இல்லை. நீர் விரைந்து ஓடும். குஞ்சு மீனால் அந்த ஓட்டத்தை எதிர்த்து நிற்க முடியாது. ஒதுங்க வேரும் இல்லை, பொந்தும் இல்லை. அது அள்ளுண்டு வயலுக்குள் போகும். அங்கிருந்து திரும்பி ஏற வழி கிடையாது.

இரண்டாவது, உணவும் முட்டையிடும் இடமும். சேறு இல்லாத இடத்தில் புழு இல்லை. புல் இல்லாத இடத்தில் ஒட்டுவதற்கு முட்டைக்கு இடம் இல்லை. திலாப்பியாவால் சீமெந்தில் குழி பறிக்க முடியாது.

மூன்றாவது, துருசு பூட்டப்படும் நாள். மண் வாய்க்கால் மெல்ல வற்றும். கொங்கிறீற் வாய்க்கால் சில மணி நேரத்தில் காயும். தேங்கி நிற்கும் சொற்ப நீரும் வெயிலில் கொதிக்கும். சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகையில் ஏறத்தாழ ஏழரைதான். விராலும் பனையேறியும் மேலே வந்து காற்றைக் குடித்துச் சமாளிக்கும். கட்லாவுக்கும் கெண்டைக்கும் அந்த வரம் இல்லை.

நான்காவது, கசிவு. கசிந்த நீர் வீணான நீர் என்று நாம் எண்ணுகிறோம். அது எங்கே போனது? பக்கத்துப் பள்ளத்துக்கும், தாமரைக் குட்டைக்கும், வீட்டுக் கிணற்றுக்கும் போனது. அந்தப் பள்ளங்கள்தான் கோடையில் மீனின் அடைக்கலம். ஊடவளவைப் பகுதியில் வாய்க்கால்களுக்குக் கொங்கிறீற் போடுவதால் சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளின் நீர் குறையும் என்பதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. தமிழ்நாட்டின் ஈரோடு பக்கத்தில் 200 கிலோமீற்றர் நீளமுள்ள கீழ்பவானி வாய்க்காலை 710 கோடி இந்திய ரூபாய் செலவில் நவீனப்படுத்தும் திட்டத்தில் இதே வழக்குத்தான் எழுந்தது: தண்ணீர் போய்ச் சேராத கமக்காரர் வேண்டும் என்றார்கள், கிணற்றை நம்பியவர்கள் வேண்டாம் என்று போராடினார்கள். அமெரிக்கக் கலிபோர்னியாவில் மெக்சிக்கோ எல்லையோரமாக ஓடும் பெருவாய்க்காலில் 23 மைல் தூரத்துக்குக் கொங்கிறீற் போட்டு ஆண்டுக்கு 67,700 ஏக்கர் அடி நீரைச் சேமித்தார்கள். எல்லைக்கு அப்பால் மெக்சிக்கோக் கமக்காரரின் கிணறுகளும் ஒரு சதுப்பு நிலமும் அந்தக் கசிவை நம்பித்தான் இருந்தன. ஒரு பக்கத்துக் கணக்கில் சேமிப்பு என்று எழுதப்பட்டது, மறு பக்கத்துக் கணக்கில் இழப்பு என்று எழுதப்பட்டது.

புதுச் சீமெந்தைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் புதிதாகக் கட்டிய தொட்டிக்குள் உடனே மீன் விடமாட்டோம். வாழைத்தண்டு வெட்டிப் போட்டு, பல முறை நீர் நிரப்பி இறைத்த பிறகுதான் விடுவோம். புதுச் சீமெந்தின் சுண்ணாம்புக் காரம் மீனின் பூவை அரிக்கும் என்பது நம் தாய்மாருக்குத் தெரிந்த அறிவியல். அதே அறிவை வாய்க்காலுக்குப் பயன்படுத்த மறந்துவிடுகிறோம்.

இப்போது மாசுக்கு வருவோம். வயலுக்குப் போடும் பசளையும் மருந்தும் வடிநீரோடு கழிவாற்றுக்கும் அடுத்த குளத்துக்கும் போகின்றன. யூரியாவும் பொஸ்பேற்றும் நீரில் பாசியை வளர்க்கின்றன. பகலில் பாசி ஒட்சிசன் தரும்; இரவில் அதுவே ஒட்சிசனைக் குடிக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டால், அது மூச்சுத் திணறல் என்று அறியுங்கள்.

யூரியாவும் அழுகும் கழிவும் அமோனியாவைத் தருகின்றன. அமோனியாவின் நஞ்சு நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. நீரின் பீ.எச். பெறுமானம் 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்கிலும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். 9 ஆகும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நச்சாகிவிடும். பாசி மண்டிய குளத்தில் பின்னேர வெயிலில் பீ.எச். ஏறும். புதுக் கொங்கிறீற்றில் தேங்கிய நீரிலும் ஏறும். சீமெந்தும் பசளையும் ஒன்றையொன்று எப்படிப் பலப்படுத்துகின்றன என்று பாருங்கள்.

பூச்சிமருந்துகளில் பைரித்ரொயிட்டு வகை மனிதருக்கு ஒப்பளவில் ஆபத்துக் குறைந்தது என்பார்கள். மீனுக்கு அப்படியல்ல. ஒரு லீற்றர் நீரில் சில மைக்கிரோகிராம் இருந்தாலே போதும், மீன் இறந்துவிடும். ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தெளிகருவியை வாய்க்காலில் அலசும் ஒருவர் எத்தனை மீனைக் கொல்லுகிறார் என்று அவருக்கே தெரியாது. மண் வாய்க்காலில் சேறும் புல்லும் அந்த மருந்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிகுதி மெதுவாகத்தான் போகும். கொங்கிறீற் எதையும் பிடிக்காது. மேலே ஊற்றியது அப்படியே கீழே போய்ச் சேரும்.

உடனே சாகாத மீனும் நலமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வெப்பத்தாலும் ஒட்சிசன் குறைவாலும் நலிந்த மீனுக்கு நோய் எளிதில் தொற்றும். 1987இன் இறுதியில் இலங்கையின் நன்னீர் மீன்களில் உடம்பெல்லாம் புண் விழும் ஒரு கொள்ளைநோய் பரவியது. அபனோமைசிஸ் என்னும், பூஞ்சணத்தை ஒத்த ஒரு நுண்ணுயிர்தான் அதன் காரணி. விரால் இனமே அதற்குப் பெரிதும் பலியானது. அந்த நுண்ணுயிரின் வித்திகள் நீரில் நீந்தி வந்து, தோலில் காயம்பட்ட இடத்தில் புகும். மழைக் காலத்துக் குளிர்ந்த நீரில் நோய் மோசமாகும். தோலும் செதிலும் முழுதாக இருப்பதுதான் மீனின் முதற் காவல். நெருக்கடியில் வாழும் மீனுக்கு அந்தக் காவல் தளர்கிறது.

நாங்கள் சொல்ல வந்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மாசு வந்தால் மீன் ஓடி ஒளிய இடம் வேண்டும், இடம் குறைந்தால் நீராவது சுத்தமாக இருக்க வேண்டும். ஒரே ஊரில் இரண்டையும் ஒன்றாகப் பறித்தால் மீனுக்கு எதுவும் மிஞ்சாது. ஈரோட்டின் காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. சாயப் பட்டறைக் கழிவும் தோல் பட்டறைக் கழிவும் அதில் கலந்து, கடைசியில் கழிவை ஒதுக்கிக் கொண்டுபோக அதன் பக்கத்திலேயே இன்னொரு சிறு வாய்க்கால் கட்ட வேண்டியதாயிற்று. நமக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. வருமுன் காப்பதற்கு நேரம் இருக்கிறது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தி, விளைச்சல் விழுந்து, அதே ஆண்டில் அந்தத் தடையை எடுக்க நேர்ந்ததை நாம் எல்லோரும் பட்டு அறிந்தோம். ஆகவே பசளையையும் மருந்தையும் இன்றே கைவிடுங்கள் என்று எவருக்கும் நாங்கள் சொல்லப் போவதில்லை. கமக்காரரால் செய்யக் கூடியதைத்தான் கேட்கிறோம்.

சங்கம் வாய்க்காலுக்கு நிதி கொடுக்கட்டும். ஆனால் சில நிபந்தனைகளோடு கொடுக்கட்டும்.

கசிவு மோசமான இடத்துக்கும் கரை உடையும் இடத்துக்கும் மட்டும் கொங்கிறீற் போடச் சொல்லுவோம். ஊர்க் கிணறுகளும் பள்ளங்களும் நம்பியிருக்கும் துண்டை மண்ணாகவே விடச் சொல்லுவோம். அந்தத் துண்டு எது என்று குடிமனைப் பெண்களைக் கேட்டால் தெரியும். தண்ணீர் அள்ளுபவர்கள் அவர்கள்தான்.

கொங்கிறீற் போடும் பகுதியிலும் இடையிடையே அடித்தளம் மூடாத ஆழமான மடுக்களை விடச் சொல்லுவோம். துருசு பூட்டியதும் மீன் போய் ஒதுங்க அது போதும். கரையில் சரிவுப் படிகள் வேண்டும். மாடும் மானும், தவறி விழும் சிறு பிள்ளையும் ஏறி வரவும் அவை உதவும்.

புதுக் கொங்கிறீற்றை இரண்டு மூன்று முறை நீர் விட்டு அலசி, அந்த நீரைக் குளத்துக்கோ மடுவுக்கோ போக விடாமல் வெளியேற்றிய பிறகே வாய்க்காலைத் திறக்க வேண்டும்.

துருசை ஒரே மூச்சில் பூட்டாமல் இரண்டு மூன்று நாளில் படிப்படியாகக் குறைக்கலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. கமக்காரர் அமைப்பும் நீர்ப்பாசனத் திணைக்களமும் நன்னீர் மீன்பிடிச் சங்கமும் ஒரே மேசையில் இருந்து பேசினால் போதும். காலபோகக் கூட்டத்துக்கு மீன்பிடிச் சங்கத்தையும் அழைப்பது நல்ல தொடக்கமாகும்.

மருந்து அடித்த பின் சில நாள்களுக்கு வயல் நீரை வடிய விடாமல் மறித்து வைக்கலாம். வயல் நீர் கழிவாற்றில் விழும் இடத்தில் கோரையும் நாணலும் வளர விடலாம். வெறும் மருந்துப் போத்தலை வாய்க்காலில் எறியாமல் இருக்க ஒரு பெரிய பீப்பாய் போதும்; அந்தப் பீப்பாயைச் சங்கமே வாங்கிக் கொடுக்கலாம்.

கடைசியாக, நமது பாடசாலைக்கு ஒரு வேலை. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஒரு மீன் பதிவேடு வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். மாதம் ஒரு முறை பிள்ளைகள் ஆசிரியையோடு வாய்க்காலின் மூன்று இடங்களுக்குப் போகட்டும். நீரின் வெப்பம், பீ.எச்., நிறம், கண்ட மீன்களின் பெயர், புண்ணோடு கண்ட மீன் உண்டா என்பவற்றை எழுதட்டும். வெப்பமானி ஒன்று, பீ.எச். தாள் ஒரு கட்டு, ஒரு கொப்பி, இவ்வளவே வேண்டும். கொங்கிறீற் போடுவதற்கு முன் ஓராண்டும் போட்ட பின் ஓராண்டும் எழுதி வைத்தால், அடுத்த ஊர் நிதி கேட்டு வரும்போது நம் கையில் சொந்தக் கணக்கு இருக்கும்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பரிசிலும் இருந்து நீங்கள் அனுப்பும் பணத்துக்குப் பின்னால் எத்தனை மணி நேர உழைப்பு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பணத்தில் கட்டிய வாய்க்காலின் படத்தைப் பார்த்து நீங்கள் மகிழ வேண்டும். அதே வாய்க்கால் கரையில் ஒரு பிள்ளை நின்று, இந்தக் கிழமை விரால் குஞ்சு கண்டோம் என்று எழுதி அனுப்பினால் இன்னும் மகிழ்வீர்கள். நெல்லும் மீனும் ஒரே நீரில் விளைந்த ஊர் இது. இரண்டையும் காக்க வழி இருக்கிறது. அதற்கு நாம் பணத்தோடு கேள்வியையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

கோரிக்கை வரும் மாதச் செயற்குழுக் கூட்டத்தில் எடுத்துக் கொள்ளப்படும். எங்கள் நிபந்தனைகளையும் அன்று மேசையில் வைக்கும்படி தலைவி அவர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.